எழுபத்துச் சொச்சம் புள்ளி வாங்கிய கேமை வாங்கலாமா?

போன தீபாவளி முடிந்த வாரம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு பினாங்கில் உள்ள பிராங்கின் மாலுக்குப் போயிருந்தேன். படிவம் மூன்றில் படிக்கிறான். அங்பாவ் காசில் ஒரு கேம் வாங்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய டிஸ்க் விற்கும் கடையில் 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' என்ற கேமைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். கித்தாரோடு ஒரு பெண், டிரம்ஸ் குச்சியோடு ஒரு பையன், கண்ணைப் பறிக்கும் வண்ணம். முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினான். "எழுபத்துச் சொச்சம்தான் மாமா, வேண்டாம்" என்று திரும்ப அடுக்கிலேயே வைத்துவிட்டான்.

ஒரு நிமிடத்துக்கு முன் ஆசையாகப் பிடித்திருந்ததை ஓர் எண் கையிலிருந்து பிடுங்கிவிட்டது. அது யார் போட்ட புள்ளி, எதை அளந்து போட்டது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்து மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே அவனிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கேம் உலகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பெற்றோருக்கும் உதவும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கேம் அட்டையில் 12, 16, 18 என்று போட்டிருப்பது தரத்துக்கான புள்ளி அல்ல. எந்த வயதினருக்கு ஏற்றது என்ற குறிப்பு அது. ஐரோப்பாவில் பெகி என்ற அமைப்பு வன்முறை, கெட்ட வார்த்தை, சூதாட்டம் ஆகியவற்றைப் பார்த்து அதைக் கொடுக்கிறது, அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி இதையே E, T, M என்று எழுத்தில் கொடுக்கிறது. 18 போட்ட கேம் மட்டமாகவும் இருக்கலாம், 3 போட்ட கேம் காலத்துக்கும் நிற்கலாம். என் அக்காவே ரொம்ப நாள் இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தார். பெற்றோர் அந்த எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் கேம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது.

சரி, தரத்தைப் பார்க்க எங்கே தொடங்குவது? நான் எப்போதும் கையிலிருந்துதான் தொடங்குவேன். பெரும்பாலோர் கிராஃபிக்ஸிலிருந்து தொடங்குகிறார்கள், விளம்பரத்தில் தெரிவது அதுதான் என்பதால். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும். பொத்தானை அழுத்தினால் என்ன ஆகிறது என்பதோ கடைசி நிமிடம் வரை கூடவே வரும். புதுக் கேமைத் திறந்ததும் கதையைத் துரத்தாமல் ஐந்து நிமிடம் சும்மா நடந்து பாருங்கள். ஓடுங்கள், சட்டென்று நில்லுங்கள், திரும்புங்கள், ஒரே இடத்தில் நின்று இருபது தடவை குதியுங்கள். இருபதாவது குதிப்பும் சலிக்காமல் இருந்தால் அதை உண்டாக்கியவர்கள் கவனமாக வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2018-இல் வந்த 'செலஸ்ட்' என்ற கேமை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் மலை ஏறுகிறாள், அவ்வளவுதான் கதையின் மேல்தோல். அதில் விளிம்பு வரை ஓடிக் குதிக்கும்போது நாம் பெரும்பாலும் கொஞ்சம் தாமதமாகத்தான் பொத்தானை அழுத்துவோம். கணக்குப்படி பார்த்தால் அவள் ஏற்கெனவே விளிம்பைத் தாண்டிவிட்டாள், விழ வேண்டியதுதான். ஆனால் கேம் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பொறுத்துக்கொள்கிறது. அதற்குள் அழுத்திவிட்டால், தரையிலிருந்து குதித்ததாகவே எடுத்துக்கொள்ளும். விளையாடுகிறவருக்கு இது தெரியாது. 'நான் சரியாகத்தான் குதித்தேன்' என்ற நிறைவு மட்டும் இருக்கும். இந்தச் சின்ன மன்னிப்பு இல்லாத கேமில் விழுந்தால், "நான் அழுத்தினேனே!" என்று கன்ட்ரோலரைப் பார்த்துக் கத்துவோம். ஒரு கேம் கடினமா, அநியாயமா என்பதைப் பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது. தோற்றதும் 'என் தப்பு, இன்னொரு தடவை' என்று தோன்றினால் அது கடினம். 'இது என்ன நியாயம்?' என்று தோன்றினால் அநியாயம்.

கையோடு சேர்ந்ததுதான் ஃப்ரேம் ரேட். திரையில் நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்ற கணக்கு. நொடிக்கு 30 என்றால் ஒவ்வொரு படமும் சுமார் 33 மில்லிநொடி நிற்கும், 60 என்றால் சுமார் 17. உட்கார்ந்து யோசித்து ஆடும் கேமுக்கு 30 தாராளம். சண்டைக்கும் கார் பந்தயத்துக்கும் 60 இருந்தால் கை உடனே உணரும். எண்ணைவிட முக்கியம் அது நிலையாக நிற்கிறதா என்பது. 60-இல் ஓடிக்கொண்டிருந்து கூட்டம் சேர்ந்ததும் 25-க்குச் சரியும் கேமைவிட, கடைசி வரை 30-இல் நிற்கும் கேம் மேல்.

நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம். மலேசியாவைச் சேர்ந்த ஹாஃபிஸ் அஸ்மானின் செவன்த் பீட் கேம்ஸ் 2019-இல் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வெளியிட்ட 'எ டான்ஸ் ஆஃப் ஃபயர் அண்ட் ஐஸ்'. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கோளங்கள், வளைந்து வளைந்து போகும் ஒரு பாதை, தாளத்துக்கு அழுத்த ஒரே ஒரு பொத்தான். படம் என்று பார்த்தால் கோடும் வட்டமும்தான். ஆனால் தவில்காரர் கையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் இதில் எவ்வளவு சீக்கிரம் ஒன்றிப்போகிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு ஒரு கேம் இவ்வளவு ஆழம் போக முடியும் என்றால், பத்துப் பொத்தான் இருப்பது தரத்துக்கு அடையாளம் ஆகாது.

அடுத்து, கேம் எப்படிக் கற்றுக்கொடுக்கிறது என்று கவனியுங்கள். 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமின் முதல் கட்டத்தில் எங்கேயும் விளக்கம் எழுதியிருக்காது. இடப்பக்கம் நிற்கிறோம், வலப்பக்கம் காலியாக இருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் நடக்கிறோம். எதிரே கோபமான முகத்தோடு ஒன்று வருகிறது. மோதினால் செத்துப்போவோம், இழப்பும் பெரிதில்லை, தொடங்கிய இடத்தில்தான் இருக்கிறோம். அடுத்த தடவை குதிக்கிறோம். மேலே கேள்விக்குறி போட்ட பெட்டி, முட்டினால் காசு. இன்னொன்றை முட்டினால் காளான் உருண்டுபோய்க் குழாயில் மோதி நம் பக்கமே திரும்பி வருகிறது. ஒரு நிமிடத்துக்குள் பாடம் முடிந்துவிட்டது, படித்த மாதிரியே இல்லை. இன்று பல பெரிய கேம்கள் முதல் இரண்டு மணி நேரம் திரை முழுக்கக் குறிப்பு எழுதிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகின்றன. அதற்கு நான் புள்ளி குறைப்பேன்.

கற்றுக்கொடுத்ததும் சவாலைக் கூட்ட வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. தொடர்ந்து ஏறினால் மூச்சு வாங்கும். நடுநடுவே நின்று திரும்பி ஊரைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறும்போது கால் வலி தெரிவதில்லை. நல்ல கேமின் சவாலும் அப்படித்தான் உயரும். கொஞ்சம் முட்டும், அப்புறம் ஓர் இளைப்பாறல், புதிதாக ஒரு காட்சி, மறுபடி ஏற்றம். ரொம்ப எளிதாக இருந்தால் சலிப்பு, ரொம்பக் கடினமாக இருந்தால் பதற்றம். இரண்டுக்கும் நடுவே நேரம் போவதே தெரியாமல் ஆழ்ந்துபோகும் நிலையை உளவியலாளர் மிஹாய் சிக்ஸென்ட்மிஹாயி பல ஆண்டு ஆராய்ந்தார். கேம் உருவாக்குகிறவர்கள் இன்றும் அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். செலஸ்டில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், கீழே விழுந்தாலும் சாகாமல் இருக்கவும் வசதி உண்டு. கை நடுங்குகிறவரும் உச்சிக்குப் போகலாம். அப்படி ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் மதிப்பீட்டில் சேர வேண்டும்.

இதெல்லாம் எல்லாக் கேமுக்கும் ஒரே மாதிரி பொருந்துமா? பொருந்தாது. கோலாலம்பூரிலிருந்து வரும் உறவினர்கள் சிலர் பினாங்கு லக்சாவைச் சாப்பிட்டுவிட்டு, "தேங்காய்ப்பாலே இல்லையே" என்பார்கள். அது அசாம் லக்சா. மீன், புளி, புதினா. தேங்காய்ப்பால் இல்லாதது அதன் குறையே இல்லை. புளிப்பு சரியாக நிற்கிறதா, மீன் வாடை அடிக்காமல் இருக்கிறதா என்றுதான் அதைக் கேட்க வேண்டும். கேமுக்கும் முதலில் 'இது என்னவாக இருக்க ஆசைப்படுகிறது?' என்று கேளுங்கள். 1984-இல் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' கேமில் கதை கிடையாது. அதனால் யாரும் அதற்குப் புள்ளி குறைத்ததில்லை.

தமிழர்களான நமக்கு இதைப் புரிய வைக்க 'வெண்பா'வைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2023-இல் விசை கேம்ஸ் வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குப் போய்க் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின். நாம் செய்ய வேண்டியது சமையல். அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை யோசித்துக் கண்டுபிடித்து இட்லி அவிக்க வேண்டும். எதிரி இல்லை, உயிர் போவதில்லை, புள்ளிப் பட்டியல் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சண்டைக் கேமுக்கு வைத்த அளவுகோலை இதன்மேல் வைத்தால் ஒன்றுமே தேறாது. 2024-இல் இது பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேமுக்கான விருதை வாங்கியது. சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் முதல் பரிசும் இதற்குத்தான். அந்தப் புத்தகத்தின் அழிந்த வரிகளை நிரப்பும்போது, தாத்தா பாட்டி ஊர்ப்பெயரைக்கூட மறந்துபோன எத்தனையோ மலேசியக் குடும்பங்கள் என் நினைவுக்கு வந்தன. விளையாடும் செயலும் சொல்லும் கதையும் ஒன்றாகவே இருக்கின்றன, அதுதான் இந்தக் கேமின் சாதனை.

அதனால்தான் 'எத்தனை மணி நேரம் ஓடும்?' என்ற கேள்வியை வைத்துத் தரம் பிரிப்பதை நான் ஏற்பதில்லை. 250, 300 வெள்ளி கொடுக்கும்போது கணக்குப் பார்ப்பது நியாயம்தான், காசு யாருக்கும் சும்மா வரவில்லை. ஆனால் நூறு மணி நேரக் கேமில் அறுபது மணி நேரம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தால், நீங்கள் காசோடு சேர்த்து அறுபது மணி நேரத்தையும் கொடுத்திருக்கிறீர்கள்.

புள்ளியைத் துண்டு போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராஃபிக்ஸ் 8, இசை 7, கதை 6, கேம்ப்ளே என்ற விளையாடும் அனுபவம் 8, சராசரி இவ்வளவு என்று போடும் பழக்கம் இருக்கிறது. தொடங்குகிறவருக்கு எளிதாகத் தெரியும். ஒரு முறை தமிழ்ப்பள்ளிக் கதை சொல்லும் போட்டிக்கு நீதிபதியாகப் போயிருந்தேன். உச்சரிப்புக்கு இவ்வளவு, பாவனைக்கு இவ்வளவு, மொழிநடைக்கு இவ்வளவு என்று தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கையைக்கூட அசைக்காமல், கண்ணை ஒரே இடத்தில் வைத்து, காணாமல் போன ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னாள். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மண்டபமே அவளோடு அந்தக் குட்டியைத் தேடியது. பாவனைக் கட்டத்தில் அவளுக்கு என்னால் பெரிய புள்ளி போட முடியவில்லை, கூட்டிப் பார்த்தால் நான்காம் இடம். அந்தத் தாளை நினைத்தால் இன்னும் மனம் ஒப்புவதில்லை. கேமும் அப்படித்தான். துண்டு துண்டாகப் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முடிவான புள்ளியைக் கூட்டல் கணக்கிடம் விட்டுவிடாதீர்கள்.

இப்போது பையனின் கைப்பேசியில் தெரிந்த அந்த எழுபதுக்கு வருவோம். அந்த மாதிரி எண்ணைத் தரும் மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளம் 2001-இல் தொடங்கியது. பல பத்திரிகைகளும் இணைய இதழ்களும் போடும் புள்ளியை நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுக்கிறது. எல்லா இதழுக்கும் ஒரே எடை கிடையாது, எதற்கு எவ்வளவு எடை என்பதையும் அவர்கள் வெளியிடுவதில்லை. 75-உம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. 2015-இல் வந்த ஓபன்கிரிட்டிக் எடை எதுவும் வைக்காமல் நேர் சராசரி எடுக்கிறது. ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் நான்கு பேர் தலா பத்துக்குப் போட்டு மொத்தம் நாற்பது. 1998-இல் 'ஒகரினா ஆஃப் டைம்' தான் முதன்முதலாக நாற்பதுக்கு நாற்பது வாங்கியது.

சராசரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்துப் பேர் ஆளுக்கு 7 போட்டாலும் சராசரி 7. ஐந்து பேர் 9-உம் ஐந்து பேர் 5-உம் போட்டாலும் அதே 7. முதலாவது யாரையும் பெரிதாகத் தொடாத கேம். இரண்டாவது சிலருக்கு உயிர், சிலருக்கு ஆகவே ஆகாது. உங்களுக்கு எது என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. அதனால் சராசரியைப் பார்த்ததும் ஒரு புகழ்ச்சியையும் ஒரு திட்டையும் முழுதாகப் படியுங்கள். திட்டியவர் எதற்காகத் திட்டினார் என்று பார்த்தால் பல நேரம் அதுவே நமக்குப் பிடித்த விஷயமாக இருக்கும்.

ஸ்டீமின் சதவீதம் வேறு வகை. அங்கே கட்டைவிரல் மேலே அல்லது கீழே, இரண்டே வழி. 95 சதவீதம் என்றால் நூற்றுக்கு 95 புள்ளி என்று அர்த்தமில்லை, நூறு பேரில் 95 பேர் 'பரிந்துரைக்கிறேன்' என்றிருக்கிறார்கள். அந்த 95 பேருமே 'பரவாயில்லை' என்ற அளவில் விரலை உயர்த்தியிருக்கலாம். தொடங்குகிறவர்கள் அதிகம் தவறாகப் படிப்பது இந்த எண்ணைத்தான்.

இந்த எண்கள் மனிதர்களின் வயிற்றையும் தொடும். 2010-இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' மெட்டாகிரிட்டிக்கில் 84 வாங்கியது. 85 வந்திருந்தால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை கிடைத்திருக்கும் என்று அதில் வேலை செய்த கிறிஸ் அவலோன் 2012-இல் வெளியே சொன்னார். ஒரே ஒரு புள்ளி.

எந்தக் கருவியில், எப்போது விளையாடியது என்பதையும் விடக்கூடாது. 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10-இல் வந்தது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பைத்தான் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதிப்பு மெட்டாகிரிட்டிக்கில் 86 வாங்கியது. அதே கேமைப் பழைய பிளேஸ்டேஷன் 4-இல் போட்டவர்களுக்கு முகம் இல்லாத மனிதர்களும், திடீரென்று நின்றுபோகும் ஆட்டமும்தான் கிடைத்தன. அந்தப் பதிப்பின் சராசரி 60-ஐக்கூடத் தொடவில்லை. ஒரு வாரம் கழித்து சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது, அடுத்த ஆண்டு ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2023-இல் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது வேறு கேம் என்றே சொல்லலாம். 2016-இல் வாங்கிக் கட்டிக்கொண்ட 'நோ மேன்ஸ் ஸ்கை'யும் பல ஆண்டு இலவச அப்டேட்டுகளால் எழுந்து நின்றது. ஆக, விமர்சனத்தின் தேதியைப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் கணினியில் ஓடுகிறதா என்று சோதிக்க அது நல்ல வழி.

காசு பிடுங்கும் தந்திரங்களையும் தரத்தோடு சேர்த்தே பார்ப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ் பெட்டிகளை 2018-இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. சவால் வேண்டுமென்றே கடினமாகி, பக்கத்திலேயே 'ஐந்து வெள்ளி கொடுத்தால் எளிது' என்று பொத்தான் மின்னினால், அது சவாலே இல்லை, கல்லாப்பெட்டி.

கடைசியாக, நீங்களே மதிப்பிட்டு எழுதும்போது இரண்டு கேள்வியைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் செய்திருக்கிறார்களா? எனக்குப் பிடித்ததா? எனக்குக் கார் பந்தயக் கேம் பிடிக்காது. ஆனால் மழையில் நனைந்த வளைவில் டயர் வழுக்குவது கையில் தெரியும்போது, வேலை சுத்தம் என்று ஒப்புக்கொள்வேன். படிக்கிறவருக்கு இரண்டு பதிலும் வேண்டும். எந்தக் கருவி, எத்தனை மணி நேரம், எந்தக் கடின நிலை, முடித்தீர்களா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அன்று தே தாரிக் முடிந்ததும் பையன் எழுந்து திரும்ப அந்தக் கடைக்கே போனான். டிஸ்க் அங்கேயே இருந்தது. 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் நிறுவனம் உருவாக்கி 2020-இல் வெளிவந்தது என்றும், அந்த நிறுவனத்தை நடத்திய வான் ஹஸ்மர் 'ஃபைனல் ஃபேண்டசி 15' கேமில் முன்னணி வடிவமைப்பாளராக இருந்தவர் என்றும் போகும் வழியில் சொன்னேன். அதற்காகப் புள்ளி கூட்டக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து நீட்டினான். "பிளேஸ்டேஷன் 4. ஏழு மணி நேரம். நார்மல். முடித்துவிட்டேன், பாதி தங்கச்சியோடு. எதிரிகள் பாட்டின் தாளத்துக்கு அடிக்கிறார்கள், காதால் கேட்டு ஒதுங்க வேண்டும். கேமரா சில இடத்தில் எதிரியைக் காட்டுவதில்லை, அதனால் மூன்று தடவை தேவையில்லாமல் செத்தேன். சாதாரண எதிரிகளோடு சண்டை சீக்கிரம் சலித்துவிடுகிறது. பெரிய எதிரியோடு நடக்கும் பாஸ் சண்டை ஒவ்வொன்றும் ஒரு கச்சேரி." அதற்குக் கீழே 'சூப்பர்' என்று எழுதி அடித்திருந்தான். பக்கத்தில் பென்சிலால், "யினு என்ற எதிரி பியானோ வாசிக்கும் சண்டையில் தங்கச்சி அடிக்காமல் பாட்டைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டாள்" என்று சேர்த்திருந்தான். புள்ளி எட்டு.

"ஏன் ஒன்பது இல்லை?" என்று கேட்டேன்.

"அந்த மூன்று தடவை மாமா," என்றான்.